ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தே இடுப்பு வலி: நான் உட்காரும் விதம்தான் காரணமா?

நொய்யல்கரை (கேள்வி)

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் (துணி ஓரங்களைச் சேர்த்து மூட்டும் தையல் மெஷின்) ஓட்டுகிறேன். வயது 41. கைமடியாக, அதாவது டெய்லருக்கு உதவியாளாகச் சேர்ந்து மெஷினுக்கு மாறியவள். பெரும்பாலும் ஒன்றரை ஷிப்ட், அதாவது காலை எட்டரை முதல் இரவு எட்டரை வரை. ஷிப்மெண்ட் நெருங்கிவிட்டால் அதற்கு மேலும் போகும். பீஸ் ரேட் என்பதால் எழுந்து நின்றால் அந்த நேரத்துக்குக் காசு கிடையாது.

போன வருஷம் ஆர்டர் குவிந்த சமயத்தில் வலி ஆரம்பித்தது. வலது பக்க இடுப்பில் தொடங்கி, புட்டம் வழியாக, தொடையின் பின்பக்கமாகக் கெண்டைக்கால் வரை சுரீரென்று இழுக்கிறது. உட்கார்ந்திருக்கும்போதுதான் அதிகம். எழுந்து நாலு எட்டு நடந்தால் குறைகிறது. தும்மினால் உயிரே போய்விடுகிறது. இதோடு கழுத்தும் வலது தோளும் எப்போதும் இறுகியே இருக்கின்றன. நடு ராத்திரியில் வலது கையின் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போய் எழுப்பிவிடுகின்றன. கையை உதறினால் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும்.

உட்காரும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் லைனில் எல்லோருக்கும் ஒரே உயரத்தில் மர ஸ்டூல், சாய்மானம் கிடையாது. நான் நாலடி பத்து அங்குலம். பக்கத்து மெஷினில் இருக்கும் ஒடிசாக்காரத் தம்பி கிட்டத்தட்ட ஆறடி. இரண்டு பேருக்கும் அதே ஸ்டூல், அதே மேசை. அவன் முதுகை வளைத்துக்கொண்டு தைக்கிறான், நான் தோளைத் தூக்கிக்கொண்டு தைக்கிறேன். சைடு மூட்டும் வேலைதான் எனக்கு அதிகம் வரும். பண்டல் இடது பக்கம் தரையில் கிடக்கும். குனிந்து திரும்பி எடுத்து, இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்து ஓடவிட்டு, முடித்ததை வலது பக்கம் இருக்கும் பெட்டியில் போட வேண்டும். வலது கால் பெடலிலேயே இருக்கும்.

வீட்டுக்குப் போனாலும் குனிகிற வேலைதான். தண்ணீர் வரும் நாளில் குடத்தை வலது இடுப்பில் வைத்து மாடிப்படி ஏற வேண்டும். காய் நறுக்குவது அரிவாள்மனையில், துணி துவைப்பது தாழ்ந்த கல்லில். படுப்பது பாயில்.

ஒரு கிளினிக்கில் ஊசி போட்டு, மாத்திரை எழுதிக்கொடுத்து, ஒரு மாதம் படுத்தே இருக்கச் சொன்னார்கள். இன்னொரு இடத்தில் ஸ்கேன் எடுத்து, எல்4-எல்5இல் (கீழ் முதுகெலும்பில்) டிஸ்க் பல்ஜ், அதாவது எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் வட்டு பிதுங்கியிருக்கிறது, பின்னாளில் ஆபரேஷன் தேவைப்படலாம் என்றார்கள். அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. இரண்டு பெண் குழந்தைகள் படிக்கிறார்கள்.

பார்க்கிற எல்லோரும் “நிமிர்ந்து உட்கார்” என்கிறார்கள். நிமிர்ந்தால் ஊசி முனை கண்ணுக்குத் தெரிவதில்லை. என் கேள்வி இதுதான்: நான் உட்காரும் விதத்தால் வந்த வலியா இது? மெஷினை விட்டுவிட்டுச் செக்கிங் டேபிளுக்கு மாறினால் (தைத்த பீஸைச் சரிபார்க்கும் இடம், அங்கே நின்றுகொண்டே வேலை, சம்பளமும் குறைவு) சரியாகுமா? பெல்ட் போடலாமா? பாயை விட்டுக் கட்டிலுக்கு மாற வேண்டுமா? இதே தொழிலில் இருப்பவர்கள், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சேலைப்பிரிவு_மதுரை

அக்கா, செக்கிங்குக்கு மாறுவதற்கு முன்னால் நின்றே வேலை செய்கிற என்னிடம் கொஞ்சம் கேட்டுக்கொள்ளுங்கள். மதுரையில் ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் இருக்கிறேன். காலையில் கடை திறப்பதிலிருந்து ராத்திரி ஷட்டர் இறங்கும்வரை நின்றபடிதான். சாயங்காலம் ஆனால் செருப்பு பிடிக்காத அளவுக்குக் கால் வீங்கிவிடும். கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு நீலமாகத் தெரியும். குதிகால் வலி தனி. எங்கள் பிரிவில் நாற்பது வயது தாண்டியவர்களில் முழங்காலைப் பிடிக்காமல் படி ஏறுகிறவர்களை நான் பார்த்ததில்லை. உட்காருவதால் உங்களுக்கு வருவது ஒரு வலி என்றால், நிற்பதால் எங்களுக்கு வருவது வேறொரு வலி.

நான் தெரிந்துகொண்ட ஒரு வழி: கவுண்டருக்குக் கீழே ஒரு தாழ்ந்த பலகை போட்டு, அதில் ஒரு காலை ஏற்றி வைத்து நிற்பது. கொஞ்ச நேரம் இந்தக் கால், கொஞ்ச நேரம் அந்தக் கால். இடுப்புக்கு அது பெரிய ஆறுதல். அப்புறம், சேலையை விரித்துக் காட்டும்போது கவுண்டர் மேல் கவிழாமல், ஒரு எட்டு முன்னால் வைத்து நின்று விரிப்பேன்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 2021 செப்டம்பரில் நம் சட்டசபையில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்பு கிடைக்கும்போது உட்காருவதற்கு எல்லாப் பணியாளர்களுக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும் என்கிறது அது. கேரளாவில் 2018இலேயே வந்துவிட்டது. அங்கே அது சும்மா வரவில்லை, கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருக் கடைப் பெண்கள் ‘பெண்கூட்டு’ என்று சேர்ந்து பல வருஷம் போராடி வாங்கியது. எங்கள் கடையில் சட்டம் வந்த பிறகு ஸ்டூல் போட்டார்கள். அதில் உட்காருகிறவளை மேனேஜர் பார்க்கிற பார்வைதான் மாறவில்லை. ஆனாலும் நான் உட்காருகிறேன், புதிதாக வரும் பிள்ளைகளையும் உட்கார வைக்கிறேன். உடம்பு நம்முடையது.

பிசியோ_ஈரோடு

அக்கா, நான் பிசியோதெரபிஸ்ட். என் அம்மா பவர் டேபிளில் (மோட்டாரில் ஓடும் தையல் மெஷினில்) தைத்துத்தான் என்னைப் படிக்க வைத்தார். அதனால் நீங்கள் எழுதியதில் ஒவ்வொரு அசைவும் எனக்குக் கண்ணில் தெரிகிறது.

முதலில் பயப்பட வேண்டியது எது என்று சொல்லிவிடுகிறேன். சிறுநீர் வருவது தெரியாமல் போவது, அல்லது போக முடியாமல் அடைத்துக்கொள்வது, மலம் கட்டுப்பாடு இல்லாமல் போவது, இரண்டு தொடைக்கும் நடுவில், சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப்போவது, காலில் பலம் குறைந்துகொண்டே வருவது: இவற்றில் ஒன்று வந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலில் மட்டும் பத்தடி நடங்க, அப்புறம் முன்பாதத்தில் மட்டும் பத்தடி. வலது பாதம் தொங்கினாலோ, குதிகால் மேலே எழ மறுத்தாலோ டாக்டரிடம் நேரில் காட்ட வேண்டும். காய்ச்சலோடு முதுகுவலி, காரணமில்லாமல் எடை குறைவது, எப்படிப் படுத்தாலும் அடங்காத ராத்திரி வலி ஆகியவையும் அப்படித்தான். நீங்கள் எழுதியதில் இவை எதுவும் இல்லை, ஆனாலும் நடந்து பார்த்துச் சொல்லுங்க.

அடுத்து அந்த ஸ்கேன். உங்கள் தூக்கத்தைக் கெடுத்தது அதுதான் போலிருக்கிறது. வலியே இல்லாதவர்களின் முதுகு ஸ்கேன்களை ஒன்றாகத் தொகுத்து 2015இல் ஒரு ஆய்வு வந்தது. அதில் 40 வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு டிஸ்க் பல்ஜ் இருந்தது. வலி இல்லாமலே! அதனால் ‘பல்ஜ்’ என்ற எழுத்தைப் பார்த்துப் பயப்படாதீங்க. உங்கள் காலில் இழுப்பது நரம்பு எரிச்சலால் வருகிற வலிதான், அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இப்படி வருகிறவர்களில் பெரும்பாலோர் ஆபரேஷன் இல்லாமலே தேறுகிறார்கள். ஒரு மாதம் படுத்தே இருப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். இரண்டு நாளுக்கு மேல் படுத்தால் முதுகுத் தசை பலம் இழந்து, எழுந்து வருவது இன்னும் கஷ்டமாகும்.

சரி, உட்காரும் விதம். டிஸ்க்குக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்து பார்த்தவர் ஸ்வீடனைச் சேர்ந்த ஆல்ஃப் நாக்கெம்சன், 1960களில். நிற்கும்போது உள்ள அழுத்தம் 100 என்றால், சாய்மானம் இல்லாமல் உட்கார்ந்தால் 140, உட்கார்ந்தபடி முன்னால் குனிந்தால் 185 என்பது அவர் கணக்கு. 1999இல் ஜெர்மனியின் ஊல்ம் நகரில் வில்கேயின் குழு ஒரே ஒரு தன்னார்வலரிடம் மறுபடி அளந்தது. தளர்வாக உட்காருவது நிற்பதைவிட அதிக அழுத்தம் தரவில்லை என்று அதில் வந்தது. ஆனால் முன்னால் குனிந்தால் அழுத்தம் ஏறுகிறது என்பதில் இரண்டு பேர் அளவும் ஒத்துப்போகிறது. ஆக, உட்காருவதே விஷம் என்பதில்லை. குனிந்து, திரும்பி, அசையாமல், மணிக்கணக்காக என்று நாலும் சேரும்போதுதான் சிக்கல். ஒரே பிடியில் இறுகி நிற்கும் தசைக்கு ரத்த ஓட்டம் குறையும். உங்கள் தோளில் நடப்பது அது. கை வேலை செய்கிறது என்று நினைக்கிறோம், ஆனால் அந்தக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க நிற்பது தோள்தான்.

அதனால் “நிமிர்ந்து உட்கார்” என்ற அறிவுரையோடு எனக்கு உடன்பாடு இல்லை. விறைப்பாக நிமிர்ந்து ஒரு மணி நேரம் இருந்தாலும் வலிக்கும். ஊசி தெரியவில்லை என்றால் யாராக இருந்தாலும் குனியத்தான் செய்வார்கள். கண் போகிற இடத்துக்குக் கழுத்து போகும், கழுத்து போகிற இடத்துக்கு முதுகு போகும். தலை மட்டுமே நாலரை, ஐந்து கிலோ இருக்கும். அது முன்னால் சாயச் சாய, பின்கழுத்துத் தசை அதைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. மேசையும் ஸ்டூலும் வெளிச்சமும் சரியானால் முதுகு தானாக அதன் இடத்துக்கு வரும். குறை உங்களிடம் இல்லை அக்கா. நாலடி பத்து அங்குல உடம்புக்கும் ஆறடி உடம்புக்கும் ஒரே ஸ்டூலைப் போட்டவர்களிடம் இருக்கிறது. தையல்காரர்களுக்குக் கால் மரப்பு, இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் வலி எல்லாம் வருவதைப் பெர்னார்டினோ ராமஸ்ஸீனி என்ற இத்தாலிய மருத்துவர் 1700லேயே எழுதி வைத்துவிட்டார். முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் ஒரு ஸ்டூலை உயர்த்த நமக்கு மனம் வரவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

கை மரப்பது வேறு கணக்கு. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்து, சுண்டுவிரல் தப்பித்து, ராத்திரியில் எழுப்பி, உதறினால் குறைகிறது என்றால் மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுகிறது என்று முதலில் சந்தேகப்படுவோம். கார்பல் டனல் என்பார்கள். விரல் நுனியில் துணியை இறுக்கிப் பிடித்து மணிக்கட்டை வளைத்துத் தள்ளுகிற வேலையில் இது வரும். ராத்திரி தூங்கும்போது மணிக்கட்டை வளையாமல் நேராகப் பிடித்து வைக்கும் ஸ்பிளின்ட் மருந்துக்கடையில் கிடைக்கும், போட்டுத் தூங்குங்க. தைராய்டும் சர்க்கரையும் ஒருமுறை பார்த்துவிடுங்க, இரண்டுமே இந்த மரப்பைக் கூட்டும். கட்டைவிரல் மேடு வற்றிச் சப்பையாகத் தெரிந்தாலோ, கையில் பிடித்த பொருள் நழுவினாலோ காத்திருக்கக் கூடாது.

வீட்டில் நான் முதலில் மாற்றச் சொல்வது குடம். பதினைந்து லிட்டர் குடம் என்றால் பதினைந்து கிலோ, அதுவும் எப்போதும் வலது இடுப்பில், படியேறி. வலிக்கிற பக்கமும் அதுதான். பாதி பாதியாக இரண்டு சின்ன வாளியில், இரண்டு கையிலும் சமமாகத் தூக்குங்க. நடை கூடும், பரவாயில்லை, நடை உங்களுக்கு நல்லது. எடை தூக்குவதற்கு அமெரிக்காவின் நியோஷ் (தொழிலாளர் பாதுகாப்பை ஆராயும் அரசு நிறுவனம்) ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது. எல்லாம் சாதகமாக இருந்தால், சுமை உடம்போடு ஒட்டி இருந்தால், 23 கிலோ வரை தூக்கலாம் என்கிறது அது. அதே சுமையை உடம்பிலிருந்து அரை மீட்டர் தள்ளிப் பிடித்தால் அந்த அளவு பாதியாகிவிடும். எவ்வளவு கனம் என்பதைப் போலவே எவ்வளவு தள்ளிப் பிடிக்கிறோம் என்பதும் முக்கியம். வீட்டு கேஸ் சிலிண்டரில் கேஸ் மட்டும் 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் முப்பதை நெருங்கும். அதைத் தூக்காதீங்க, சாய்த்து உருட்டுங்க. துவைக்கும் கல்லில் குனிய வேண்டாம். வாளியை ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் வைத்துவிட்டு, நின்றபடி அலசிப் பிழியுங்க. காயைச் சமையல் மேடையில் கத்தியால் நறுக்குங்க. அரிவாள்மனை கெட்டது என்று சொல்லவில்லை. நாள் முழுக்க குனிந்துவிட்டு வந்த முதுகுக்கு இன்னொரு குனிவு வேண்டாம் என்கிறேன்.

பெல்ட்: வலி அதிகமாக இருக்கும் சில நாள் ஆறுதலுக்குப் போடலாம். பெல்ட் முதுகுக் காயத்தைத் தடுக்கும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று நியோஷ் 1994லேயே சொல்லிவிட்டது. பாய்: தரையில் படுத்தால் முதுகு குணமாகும் என்பது நம் ஊரில் ஊறிப்போன நம்பிக்கை. ஸ்பெயினில் 2003இல் வந்த ஒரு ஆய்வில், மிகக் கெட்டியான மெத்தையைவிட நடுத்தரமான மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்தது. கட்டில் வாங்கிக் கடன்பட வேண்டாம். பாய் மேல் இரண்டு போர்வை மடித்துப் போட்டு, ஒருக்களித்துப் படுத்து, இரண்டு முழங்காலுக்கும் நடுவே ஒரு தலையணை வையுங்க. எழும்போது நேராக எழாமல், பக்கவாட்டில் திரும்பிக் கையை ஊன்றி எழுங்க.

உடற்பயிற்சி ஒன்றே ஒன்று சொல்கிறேன். குப்புறப் படுத்து, முழங்கைகளை ஊன்றி நெஞ்சை மட்டும் உயர்த்தி இரண்டு நிமிஷம் இருந்து பாருங்க. நியூசிலாந்தின் ராபின் மெக்கன்சியிடம் 1956இல் வந்த ஒரு நோயாளி, தலைப்பக்கம் உயர்த்தி வைத்திருந்த கட்டிலில் தற்செயலாகக் குப்புறப் படுத்திருக்கிறார். வாரக்கணக்காக இருந்த கால் வலி விலகியது. அதிலிருந்து வளர்ந்த முறை இது. ஒரு விதி உண்டு. கெண்டைக்காலில் இருந்த வலி மேலேறி இடுப்பில் மட்டும் நின்றால் நல்ல அறிகுறி, இடுப்பு கொஞ்சம் கூட வலித்தாலும் தொடரலாம். வலி இன்னும் கீழே பாதத்தை நோக்கி இறங்கினால் உடனே நிறுத்திவிடுங்க.

மெக்கானிக்_அவினாசி

அம்மணி, நான் முப்பது வருஷத்துக்கு மேல் பவர் டேபிளில் இருந்தவன். முதலில் டெய்லர், அப்புறம் மெஷின் மெக்கானிக். பிசியோ சொன்ன மேசை, ஸ்டூல் சமாசாரத்தை எப்படிச் செய்வது என்று நான் சொல்கிறேன். பெரிய செலவு ஒன்றும் இல்லை.

ஸ்டூலில் உட்கார்ந்து தோளைத் தளர விட்டுக் கையை மடக்குங்க. முழங்கை எந்த உயரத்தில் நிற்கிறதோ, அதைவிட ஒன்றிரண்டு அங்குலம் மேலே மெஷின் பலகை இருக்க வேண்டும், அவ்வளவுதான். உங்களுக்கு அது நெஞ்சுக்கு வந்து நிற்கும் என்று நினைக்கிறேன், அதனால்தான் தோளைத் தூக்குகிறீர்கள். ஸ்டூல் மேல் பலகையோ கெட்டியான ஃபோமோ வைத்துக் கட்டி உயர்த்துங்க. மெத்தென்று அமுங்கும் ஸ்பாஞ்ச் வேண்டாம், இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

இங்கேதான் பல பேர் பாதியில் விட்டுவிடுவார்கள். ஸ்டூல் உயர்ந்ததும் கால் பெடலுக்கு எட்டாது. எட்டுவதற்காக ஸ்டூல் நுனிக்கு நகர்ந்து உட்காருவார்கள், முதுகு பழையபடி வளையும். அதனால் பெடலையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பெடல் மாட்டியிருக்கும் குறுக்குச் சட்டத்தின் போல்ட்டைத் தளர்த்தினால் முன்னே பின்னே நகரும். மோட்டாரிலிருந்து பெடலுக்கு வரும் கம்பியின் நீளத்தைக் கூட்டிக் குறைத்தால் பெடலின் சாய்வு மாறும். உங்கள் மாதிரி உயரம் குறைந்தவர்களுக்குப் பெடல் பலகை மேலேயே ஒரு மரக்கட்டையை ஸ்க்ரூ போட்டு ஏற்றிவிடுவேன். இரண்டு குதிகாலும் எதிலாவது ஊன்றி இருக்க வேண்டும். இடது கால் அந்தரத்தில் தொங்கினால் உடம்புப் பாரம் முழுக்க ஒரு புட்டத்தில் விழும். அதற்கும் ஒரு கட்டை போடுங்க.

அந்த ஒடிசாப் பையனுக்கு மேசையையே உயர்த்த வேண்டும். ஸ்டாண்டின் காலில் உயரம் மாற்றுவதற்கென்றே துளையும் போல்ட்டும் இருக்கிறது. கம்பெனியில் இறக்கி வைத்த நாளில் பூட்டியதோடு சரி, அதை யாரும் தொடுவதே இல்லை. தொட்டால் அரை மணி வேலை.

பழைய கிளட்ச் மோட்டாரா, சர்வோ மோட்டாரா என்றும் பாருங்க. கிளட்ச் என்றால் அழுத்தம் அதிகம் வேண்டும், கால் ஓய்வில்லாமல் இறுகியே இருக்கும். சர்வோ லேசாகத் தொட்டால் ஓடும். மாற்றச் சொல்லிக் கேளுங்க, கரண்ட் பில் குறையும் என்று சொன்னால் முதலாளி காது கொடுத்துக் கேட்பார்.

ஊசிப் பக்கத்தில் ஒட்டும் சின்ன எல்இடி லைட் ஒன்று. கூரை டியூப் லைட் வெளிச்சத்தில் கருப்புத் துணிக்குக் கருப்பு நூல் தைத்தால் யாரும் குனியத்தான் செய்வார்கள். பண்டலைத் தரையில் போட விடாதீர்கள். இரண்டு காலிப் பெட்டியைக் கவிழ்த்து, அதன் மேல் மேசை மட்டத்துக்கு வைக்கச் சொல்லுங்க. உங்கள் கைமடிப் பிள்ளைக்கும் அது நல்லது, அவளும் குனிந்து நிமிர்ந்து அலுத்துத்தான் போயிருப்பாள்.

நொய்யல்கரை

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. குதிகாலிலும் முன்பாதத்திலும் நடந்து பார்த்தேன், இரண்டும் முடிகிறது. குப்புறப் படுத்துப் பார்த்ததில் கெண்டைக்கால் இழுப்பு குறைந்து வலி புட்டத்தோடு நிற்கிறது. இடுப்பில் கொஞ்சம் கூடியிருக்கிறது. பிசியோ தம்பி சொன்னது அதுதானே?

எங்கள் மெக்கானிக்கிடம் அண்ணன் எழுதியதை அப்படியே காட்டினேன். சாப்பாட்டு நேரத்தில் ஸ்டூலை உயர்த்திப் பெடலில் கட்டை வைத்துக் கொடுத்தார். தோளில் இருந்த பாரம் இறங்கியது போலிருக்கிறது. பக்கத்து லைன் பெண்கள் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, தங்களுக்கும் கேட்கிறார்கள். மேசையை உயர்த்த மட்டும் சூப்பர்வைசர் ஒப்புக்கொள்ளவில்லை, லைன் ஒழுங்கு கெடும் என்கிறார். தம்பி இன்னும் வளைந்துதான் தைக்கிறான்.

இன்னும் ஒரு சிக்கல் இருக்கிறது. நடுவில் எழுந்து அசைய வேண்டும் என்கிறீர்கள். டார்கெட் இருக்கும்போது எப்படி எழுவது? அப்புறம் வலி மாத்திரையைத் தினமும் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகலாமா? எங்கள் லைனில் பாதிப் பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள்.

பிசியோ_ஈரோடு

அக்கா, ஆமாம், அதுதான் நல்ல அறிகுறி. காலை, இரவு, முடிந்தால் சாப்பாட்டு நேரத்திலும் செய்யுங்க.

எழுவதற்கு மணி பார்க்க வேண்டாம், பண்டலைப் பாருங்க. ஒரு பண்டல் முடிந்து அடுத்த பண்டல் கட்டவிழ்க்கும் இடைவெளியில் எழுந்து நின்று, இரண்டு கையையும் இடுப்பின் பின்பக்கம் வைத்து, பின்னால் நாலைந்து முறை சாயுங்க. அரை நிமிஷம் போதும். தோள் இரண்டையும் காது வரை தூக்கிச் சட்டென்று கீழே விடுங்க. நூல் கோன் மாற்ற வேண்டும் என்றால் ஆளை அழைக்காமல் நீங்களே நடந்து போய் எடுங்க. தண்ணீர் நிறைய குடிங்க. என் அம்மா பாத்ரூம் போக நேரமாகிறது என்று தண்ணீரே குடிக்க மாட்டார், சிறுநீர்த் தொற்று வந்து படுத்தார். பாத்ரூமுக்கு எழுந்து போவது உங்கள் முதுகுக்கு மருந்து, அதை யாரும் தடுக்க முடியாது.

வலி மாத்திரையைத் தினமும் போட்டுக்கொண்டு ஓட்டாதீங்க. டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் வயிற்றில் புண் உண்டாக்கும், நீண்ட நாள் போட்டால் சிறுநீரகத்தையும் பாதிக்கும். தண்ணீர் குடிக்காதவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். டாக்டர் சொன்ன சில நாளோடு நிறுத்துங்க.

உங்கள் சம்பளத்தில் ஈஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பிடிக்கிறார்களா என்று சம்பளச் சீட்டைப் பாருங்க. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு 0.75 சதவீதம் பிடிப்பார்கள். பிடித்திருந்தால் மருத்துவம், பிசியோதெரபி எல்லாம் அதிலேயே பார்க்கலாம். டாக்டர் ஓய்வு எழுதிக்கொடுத்தால் வருஷத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். அதற்கு ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது பணம் கட்டியிருக்க வேண்டும். ஈஎஸ்ஐ இல்லாத பக்கத்து வீட்டுக்காரர்கள் யாராவது நடக்க முடியாமல் வீட்டோடு இருந்தால், தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்கிறார்கள் என்று சொல்லுங்க.

செக்கிங்குக்கு மாற வேண்டாம் என்பதுதான் என் கருத்து. சம்பளமும் குறைந்து, மதுரைத் தங்கச்சி சொன்ன கால் வலியும் வந்து சேரும். முடிந்தால் வாரத்தில் சில மணி நேரம் செக்கிங், மற்ற நேரம் மெஷின் என்று மாற்றிப் போடச் சொல்லிக் கேளுங்க. மாறி மாறிச் செய்வதுதான் உடம்புக்கு நல்லது. கால் இழுப்பு ஆறு வாரத்தில் குறையத் தொடங்கவில்லை என்றால் மறுபடி நேரில் காட்டுங்க.

ஒடிசாத் தம்பியைப் பற்றி: லைன் ஒழுங்கைவிட அவன் முதுகு பெரிது என்று பெண்கள் எல்லோரும் சேர்ந்து போய்ச் சொன்னால் சூப்பர்வைசர் கேட்பார். அவனுக்கு மொழி தெரியாது, அவனே போய்க் கேட்க மாட்டான்.

சேலைப்பிரிவு_மதுரை, உங்கள் குதிகால் வலியை அப்படியே விடாதீங்க. காலையில் படுக்கையை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடியில் குத்துகிறதா, இல்லை சாயங்காலம் நின்று நின்று வருகிறதா?